தூசி படியாத தோட்டா

எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் ஆக்லாந்துத் தமிழர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை அன்னதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், "துவக்கோ? உங்கட வீட்டிலயோ?" என்று கேட்டுவிட்டுத் தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். "எனக்கில்லண்ணே, என் சம்சாரத்துக்கு" என்றேன். தட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், சான்ட்ரிங்ஹாமில் வாடகை வீடு. நான் எல்லர்ஸ்லியில் ஒரு கிடங்கில் ஸ்டோர்மேன். மலேசியாவில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். இந்த ஊரில் எந்தத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் மூன்று தடவை படித்துவிட்டு, நாலாவது தடவை மனைவியிடம் கொடுப்பேன். என் மனைவி ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலையில் சேர்ந்து, பிறகு கத்தி பிடிக்கிற வரிசைக்குப் போனவள். அந்த வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நின்ற, இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண் ஒருத்தி வருஷா வருஷம் தன் குடும்பத்து நிலத்துக்கு மான் வேட்டைக்குப் போவாள். வருகிறாயா என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். இவள் வீட்டுக்கு வந்து, முடிவு செய்துவிட்ட குரலில் எனக்குச் சொன்னாள்.

"நாள் பூரா யாரோ கொன்னத வெட்டிக்கிட்டு நிக்கிறேன். ஒண்ணாவது நானே தேடிப் போயி, நானே சுட்டு, நானே அறுத்துக் கொண்டாரணும்."

"கடையில கறி கெடைக்கலையா?"

"கடையில சோறுகூடத்தான் கெடைக்குது. அதுக்காக அடுப்பத் தூக்கி வெளியப் போட்டுட்டீங்களா?"

மலேசியாவில் சட்டைப்பையில் ஒரே ஒரு தோட்டாவோடு பிடிபட்டாலும் தூக்குதான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே லைசென்ஸ் கேட்டால் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கே வந்து, டீ குடித்துக்கொண்டு, புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார். மனைவியிடம் துப்பாக்கி இருந்தால் உனக்குப் பயமாக இருக்குமா என்று கேட்டார். "எனக்கு எல்லாமே பயம் சார். காஸ் அடுப்புகூடப் பயம். அவளிடம் மட்டும் பயமில்லை" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். லைசென்ஸ் வந்துவிட்டது.

என் பயம் வேறு இடத்தில் இருந்தது. அவள் அப்பா எங்கள் எஸ்டேட்டில் காட்டுப்பன்றி சுடுகிறவர். நட்ட கன்றுகளைத் தோண்டித் தின்கிற பன்றிகளைச் சுட மேனேஜ்மெண்ட் அவரிடம் ஒரு துப்பாக்கியைக் கொடுத்திருந்தது. ஒரு சாயங்காலம் அவர் சுட்ட பன்றி விழவில்லை. அடிபட்டுப் புதருக்குள் போனது, அவர் தேடிப் போனபோது திரும்பி வந்து தொடையைக் கிழித்துவிட்டது. அவரைச் சாக்கில் வைத்துத் தூக்கி வந்ததை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். கடைசிவரை அவர் அந்தக் காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தார். மிருகத்தைச் சுட்டால் அது அங்கேயே விழ வேண்டும். விழாவிட்டால் அதற்கும் சித்திரவதை, சுட்டவருக்கும் ஆபத்து. இதில் எங்கள் இருவருக்கும் கருத்து ஒன்றுதான். எந்தத் தோட்டா அப்படி விழவைக்கும் என்பதில்தான் சண்டை.

துப்பாக்கியில் அதுதான் விஷயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது என்றால் உண்மையில் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது. ஒரு துப்பாக்கிக்கு ஓர் அளவுத் தோட்டாதான் பொருந்தும். பிறகு ஆயுசுக்கும் அதோடுதான் குடித்தனம். நாங்கள் வாங்கப் போவதும் ஒன்றே ஒன்று. மானுக்கும் அதுதான், பன்றிக்கும் அதுதான், என்றைக்காவது தெற்குத்தீவு மலைக்குப் போனால் அங்கேயும் அதுதான்.

நான் பழைய வேட்டைப் பத்திரிகைகளை வாங்கிவந்து அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். மத்தியான சாப்பாட்டு நேரத்தில் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படிப்பேன். படித்ததில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் மேக்னம் என்ற வார்த்தை பெரிதாக இருந்தது. நீளமான தோட்டா, நிறைய வெடிமருந்து, நெடுந்தூரம் போகும், யானைகூட நிற்காது என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். எனக்கு அதுதான் வேண்டும் என்று தோன்றியது. நான் கவலைப்படுகிறவன். கவலைப்படுகிறவனுக்குப் பெரிய பூட்டு, தடித்த கயிறு, கனமான தோட்டா.

"நியூஸிலாந்துல யானை எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றாங்க."

"பேச்சுக்குச் சுடறவங்க அத வாங்கட்டும்."

அவள் புத்தகம் எதுவும் புரட்டவில்லை. அவள் யோசித்தது வேறு வழியில். நாங்கள் இந்த ஊருக்கு வரும்போது மலேசியாவிலிருந்து ஒரு நல்ல பிரஷர் குக்கரைத் தூக்கி வந்திருந்தோம். இரண்டாவது குளிர்காலத்தில் அதன் ரப்பர் வளையம் போய்விட்டது. அந்த அளவு வளையம் ஆக்லாந்தில் எந்தக் கடையிலும் இல்லை. ஊரிலிருந்து யாராவது வரும்வரை குக்கர் அலமாரிமேல் சும்மா உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து அவளிடம் ஒரு சட்டம். எதை வாங்கினாலும், அதற்குள் போடுகிற சாமான் மூலைக்கடையில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். தையல் மிஷினை ஊசி பார்த்து வாங்கினாள். டார்ச்சை பேட்டரி பார்த்து வாங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கச் சொன்னாள். தெற்கே போனோம். வழியில் வந்த ஒவ்வொரு சின்ன ஊரிலும் இறங்கினோம். பெரிய துப்பாக்கிக் கடைகளில் எல்லாம் இருக்கும், அது கணக்கில்லை என்றாள். அவள் நுழைந்தது ஆட்டு மருந்தும் ரப்பர் பூட்ஸும் வேலிக்கம்பியும் விற்கிற கடைகளில். அந்த மாதிரிக் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் தோட்டாவும் கொஞ்சம் வைத்திருப்பார்கள். லைசென்ஸைக் காட்டுவாள். இதை எடுங்கள், அதை எடுங்கள் என்று ஒவ்வொரு பெட்டியாகக் கேட்பாள். பெட்டியை வாங்கி, மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல், கட்டைவிரலால் மூடியைத் தடவிப் பார்ப்பாள். பிறகு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவாள். ஒரு கடைக்காரக் கிழவர் என்னிடம், "உன் மனைவி என்ன தேடுகிறாள்?" என்று மெதுவாகக் கேட்டார். "தெரியவில்லை" என்றேன். அப்போது எனக்கு உண்மையிலேயே தெரியாது.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள்.

"நீங்க சொன்ன மேக்னம் ரெண்டு கடையிலதான் இருந்துச்சு. ரெண்டுலயும் பெட்டி மேல விரல் வச்சா கோடு விழுது. அவ்ளோ தூசி."

"தூசி இருந்தா என்ன? தோட்டா கெட்டா போயிடும்?"

"பருப்பு மேல தூசி இருந்தா என்ன அர்த்தம்? யாரும் வாங்கறதில்ல. யாரும் வாங்காதத கடைக்காரன் எத்தனை வருசம் வைப்பான்? த்ரீ-ஓ-எயிட் எல்லாக் கடையிலயும் இருந்துச்சு. ஒரு பெட்டிலகூட தூசி இல்ல. வருது, போகுது."

அந்தப் பெயரை நானும் பத்திரிகைகளில் பார்த்திருந்தேன். ராணுவத் தோட்டாவுக்குக் கூடப்பிறந்தது, குட்டை, நடுத்தரம். சமையல் குறிப்பில் உப்பைப் பற்றி எழுதுகிற மாதிரி அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை, அதனாலேயே நான் தாண்டிப் போயிருந்தேன். பழைய த்ரீ-ஓ-த்ரீயும் பல கடைகளில் இருந்ததாம். ஆனால் அதை வாங்கியவர்கள் எல்லாரும் நரைத்த தலை என்றாள். "அவங்களோட அதுவும் போயிடும். எனக்கு நான் கெழவியாகி கம்பு ஊனிக்கிட்டுப் போயி கேட்டாலும், இருக்குன்னு சொல்லணும்."

அன்றைக்கு நான் கார் ஓட்டிக்கொண்டே அவளை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரு மாதம் அகராதியோடு மல்லுக்கட்டிய எனக்குக் கிடைக்காதது இவளுக்கு ஒரு கட்டைவிரலில் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. "கடையில இருக்கும் சரி. மான் விழுமா?" என்றேன். கேள்வி அதுதானே. கிடைக்கிற தோட்டா விழவைக்காவிட்டால் கிடைத்து என்ன?

அதற்குப் பதில் அவளுக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிற பழக்கம் அவளிடம் கிடையாது. "சுட்டுப் பாத்துடுவோம்" என்றாள்.

ஆக்லாந்தின் தெற்கு ஓரத்தில் தகனினி தாண்டினால் அப்போதெல்லாம் வெறும் பண்ணை நிலம். அதற்கும் தெற்கே ஒரு சுடுதளம் இருந்தது. மாவோரித் தோழி எங்களை அங்கே கூட்டிப்போனாள். அவளிடம் இருந்தது மேக்னம்தான். நல்ல உயரம், அகலமான தோள், சிரித்தால் சுடுதளம் முழுக்கக் கேட்கும். என் மனைவி அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். தோழி மேக்னத்தை அவளிடம் கொடுத்துச் சுடச் சொன்னாள். முதல் வெடியில் என் மனைவியின் தோள் பின்னால் போனதைப் பார்த்தேன். நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். இரண்டாவது, மூன்றாவது. குண்டுகள் அட்டையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தன.

பிறகு தோழி துப்பாக்கியை வாங்கி, முதுகைக் காட்டி நின்று ஏதோ செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். என் மனைவி குறிபார்த்து விசையை இழுத்தாள். வெடிக்கவில்லை. சின்னதாக ஒரு கிளிக். ஆனால் அந்தக் கிளிக்கோடு குழலின் முனை ஒரு சாண் கீழே முங்கியதை மூன்று பேருமே பார்த்தோம். தோழி உள்ளே தோட்டாவே போட்டிருக்கவில்லை. வராத இடிக்குத் தோள் முன்கூட்டியே பயந்து துப்பாக்கியை அமுக்கிவிட்டது.

"பார்த்தாயா" என்றாள் தோழி. "நெஞ்சைக் குறிவைத்தால் குளம்பில் விழும்."

பிறகு பக்கத்து மேசைக்காரர் ஒருவரிடம் கேட்டு, அவருடைய த்ரீ-ஓ-எயிட்டை வாங்கிக் கொடுத்தாள். என் மனைவி சில தோட்டாக்கள் சுட்டாள். மறுபடியும் தோழி முதுகைக் காட்டி நின்று கொடுத்தாள். கிளிக். குழல் அசையவில்லை. சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. தோட்டா இருக்கிறதா இல்லையா என்று என் மனைவிக்கே தெரிந்திருக்காது. அட்டையைப் போய்ப் பார்த்தோம். சுட்டதெல்லாம் ஒரு தேங்காய் மூடிக்குள் அடங்கியிருந்தது.

வரும் வழியில் அவள் தோளைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அப்பாவுக்கும் இதேதான் ஆயிருக்கணும். அந்தத் துப்பாக்கி கழுதை மாதிரி ஒதைக்கும்னு அம்மா சொல்லும். தோட்டா சின்னதா போனதால பன்னி தப்பிக்கல. அவரு கண்ண மூடியிருப்பாரு."

இத்தனை வருஷம் நானும் அதே சம்பவத்தைத்தான் மனதில் வைத்திருந்தேன். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இன்னும் பெரிய தோட்டா. அவள் எடுத்துக்கொண்டது திறந்த கண்.

செப்டம்பரில், இங்கே வசந்தம் தொடங்கியதும், த்ரீ-ஓ-எயிட் துப்பாக்கியே வாங்கினோம். அடுத்தாற்போல ஆயுத பூஜை வந்தது. என் ஸ்க்ரூடிரைவர், அவள் கத்திகள், தையல் மிஷின் இவற்றோடு துப்பாக்கியையும் படுக்கவைத்து, அதன் மரக்கட்டையில் சந்தனம் குங்குமம் வைத்தாள். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டிக் கிடந்தன. சட்டம் அப்படி. குங்குமம் இரும்பில் பட்டால் துரு பிடிக்குமா என்று எனக்குக் கவலை. "கட்டையிலதான வச்சிருக்கேன். சாமிக்கு இருக்கிற பொறுமை உங்களுக்கு இருக்கா பாருங்க" என்றாள்.

கோடை முழுக்கப் பழகினாள். ஏதோ விசேஷத்தில் மிஞ்சிய காகிதத் தட்டுகளைக் கொண்டுபோய்க் குச்சியில் குத்தி நிற்க வைப்பாள். மானின் நெஞ்சுக்குள் உயிர் இருக்கிற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தானாம். நூறு மீட்டரில் எல்லாம் தட்டுக்குள் விழுந்தன. இருநூறிலும் விழுந்தன. அதற்குமேல் போனால் ஒன்றிரண்டு வெளியே போயின. "அப்ப என் தூரம் இருநூறு" என்றாள். தோட்டாவின் தூரம் அதிகம் என்று நான் பத்திரிகையைக் காட்டினேன். "தோட்டாவுக்கு எவ்ளோ தூரம்னு நான் கேக்கல" என்றாள்.

இலையுதிர்காலத்தில் ஆண்மான்கள் இணை தேடிக் கத்துகிற சமயம், தோழியின் குடும்பத்து நிலத்துக்குப் போனோம். சமைப்பதும் சுமப்பதும் என் வேலை. மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் ஒரு மேட்டின் முகட்டில் படுத்துக் கிடந்தோம். கீழே பள்ளம், அதன் அடியில் ஓடை, எதிரே பெரணிச்செடிகள் மண்டிய சரிவு. அந்தச் சரிவிலிருந்து ஒரு கத்தல் வந்தது. மாடும் சிங்கமும் கலந்த மாதிரி. பிறகு ஆண்மான் வெளியே வந்து திறந்த புல்லில் நின்றது. சிவப்பு மான், கொம்புகள் காய்ந்த மரம் மாதிரி. அவ்வளவு பெரிய மிருகத்தைக் கூண்டுக்கு வெளியே நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தோழி தொலைநோக்கியை இறக்கி, "முந்நூறுக்கு மேல். என்னுடையதை எடுத்துக்கொள்" என்று மேக்னத்தை நகர்த்தினாள். என் மனைவி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"உன்னுடையதே போகும். கொஞ்சம் மேலே குறிவை" என்றாள் தோழி.

"போகும். எங்க போகும்னு எனக்குத் தெரியாதே."

தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அவளுக்கு இங்கிலீஷில் சொன்னாள். கைப்பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்துக் கொஞ்சம் தட்டினாள். தூள் எங்கள் பக்கமாக மிதந்து வந்தது. காற்று மானிடமிருந்து வருகிறது, எங்கள் வாசனை அதற்குப் போகாது. என்னைப் பார்த்து, "இங்கயே இருங்க. எந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினாள். பெரணிகள் மூடிக்கொண்டன.

அதற்குப் பிறகு நான் பட்டதை எழுத்தில் கொண்டுவர முடியாது. தோழி பையிலிருந்து கொய்யா மாதிரி இருக்கிற ஃபிஜோவா பழத்தை எடுத்து, பாதியாக வெட்டி, கரண்டியால் சுரண்டித் தின்றாள். எனக்கும் நீட்டினாள். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். மான் மேய்ந்தது, நின்றது, மரத்தில் கொம்பைத் தேய்த்தது, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஒரு புதருக்குப் பின்னால் மறைந்தது. இப்போது எனக்கு அவளும் தெரியவில்லை, மானும் தெரியவில்லை. வழுக்கியிருப்பாளோ, ஓடையில் விழுந்திருப்பாளோ, மான் அவளை முதலில் பார்த்துவிட்டதோ.

வெடித்தது. சத்தம் இந்தச் சரிவில் பட்டு அந்தச் சரிவில் பட்டுத் திரும்பி வந்தது.

தோழியின் கரண்டி பழத்திலேயே நின்றது. அவளும் நானும் ஒன்றுக்குத்தான் காத்திருந்தோம். இரண்டாவது வெடி வந்தால் முதலாவது சரியாகப் படவில்லை என்று அர்த்தம். மான் அடிபட்டுப் போகிறது, இவள் பின்னாலேயே போகிறாள் என்று அர்த்தம். எங்கேயோ ஒரு பறவை கத்தியது. ஓடைச் சத்தம் கேட்டது, அதுவரை கேட்காத மாதிரி. இரண்டாவது வெடி வரவில்லை. எனக்கு அதிலும் நிம்மதியில்லை. ஏன் சத்தமே இல்லை, ஏன் கூப்பிடவில்லை என்று அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் படுத்தபடியே கிடந்தேன்.

"ஏங்க, பையத் தூக்கிக்கிட்டு வாங்க. மெதுவா, வழுக்குது."

பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிடுகிற சாதாரணக் குரல்.

இறங்கி, ஓடையைத் தாண்டி, கையால் பெரணியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். மான் நின்ற இடத்திலேயே சரிந்து கிடந்தது. சுற்றிலும் புல் மிதிபடவில்லை, ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. அவள் துப்பாக்கியைத் திறந்து, மிச்சத் தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, அதன் கழுத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. எண்பது மீட்டர்கூட இருக்காது, அவள் இருந்து சுட்ட பாறை அங்கேயிருந்து தெரிந்தது.

"ஏம்மா இவ்ளோ நேரம்?" என்றேன்.

"ஏறி வந்ததுல மூச்சு வாங்குச்சு. குறி மேலயும் கீழயும் ஆடுது. அது நிமிந்து என்னையே பாத்துச்சு. போனா போகட்டும்னு அப்படியே இருந்தேன். மூச்சு அடங்குச்சு. அது மறுபடி குனிஞ்சு, அந்தப் பக்கம் திரும்புச்சு, நெஞ்சு நல்லாத் தெரிஞ்சுச்சு."

"போயிருந்தா?"

"போயிருக்கும். சும்மாதான திரும்பியிருப்போம்."

முகட்டிலிருந்து தோழி சறுக்கிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. என் மனைவி பையைப் பிரித்து, தொழிற்சாலையில் வைத்திருப்பது போலவே துணியில் சுற்றிய கத்தியை எடுத்தாள். விளிம்பைக் கட்டைவிரலில் பார்த்தாள்.

"பின்னங்கால இழுத்துப் புடிங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே."